தகட்டுக்கு அடியில்

வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவான், சிரிப்பான், தேவைப்பட்டால் சண்டையும் போடுவான். ஒரு ஸ்க்ரூ கீழே விழாது. அதனால் அவனுக்கு ஸ்க்ரூ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கார்களுக்கு ஸ்டீரியோ செட் மாட்டுவது தொழில். ஒரு கார் உள்ளே வந்துவிட்டால் அடுத்த கார் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை! ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் கண்ணாடி வெட்டும் கடை. நாள் முழுக்க அந்தக் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் காரில் துல்லியமாகப் பாட்டு கேட்க வைப்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கம்பெனி வயர் ஒன்றைக்கூட வெட்ட மாட்டான்.

அப்படிப்பட்டவனைத்தான் ஒன்பது வருஷமாகப் பெற்ற தாயே திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் உங்களுக்கே வயிறு எரியும்.

அப்போது அவன் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தான். வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்கா வீட்டுக்காரர். அத்தான் அங்கே ஸ்டோருக்குப் பொறுப்பு. ஒரு வாடிக்கையாளரின் காரில் கம்பெனி செட் பழுதாகி, வாரன்டியில் புது செட் வந்தது. ஸ்க்ரூ கையெழுத்துப் போட்டு அதை வாங்கினான். இரண்டு பக்கமும் தகடு பொருத்தித் தயார் செய்தான். கார் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சரி என்று சாயங்காலம் செட்டைக் கொண்டுபோய் அத்தான் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் வாங்கியிருப்பான். அக்கா புருஷனிடம் போய் எவன் கையெழுத்துக் கேட்பான்?

மறுநாளே கார் வந்து நின்றது, செட்டைக் காணோம். "நேத்து அவன்தான் எடுத்தான். திரும்ப வரல" என்று அத்தான் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். கேட்டில் வாட்ச்மேன் ஸ்க்ரூவின் பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினான். டெஸ்டர், டேப், சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை எல்லாம் தரையில் உருண்டன. செட் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நேற்றே விற்றிருப்பான் என்றார்கள். எண்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஸ்க்ரூ அத்தான் முகத்தைப் பார்த்தான். அவரோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான்னு பார்த்தா முடியுமா? யார் செஞ்சாலும் தப்பு தப்புதான்" என்றார். அடேயப்பா, என்ன நேர்மை! அந்த நேர்மைக்கு அடுத்த வருஷமே புரமோஷன் வேறு கொடுத்தார்கள்.

வேலை போனதை அவன் எப்படியோ தாங்கிக்கொண்டான். அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை சொன்னால் அம்மாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை அவன் அவளைப் பார்க்கப் போவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "பையை வெளியில வெச்சுட்டு வா." வீட்டிலிருந்து எதையாவது பையில் போட்டுக்கொண்டு போய்விடுவானாம்! ஒரு தடவை மழை வந்து, வாசலில் இருந்த பை நனைந்து, உள்ளேயிருந்த டெஸ்டர் பாழாய்ப் போனது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே எடுத்து வை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்க்ரூ மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான். அம்மா காதில் விழும்படி, அத்தான் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்காமல் விடமாட்டேன். எப்படி என்று தெரியாது. விடமாட்டேன், அவ்வளவுதான்.

ஒன்பது வருஷம் கருவிக்கொண்டே இருந்தான். இந்தக் காலத்தில் மனதுக்குள் அத்தானை அவன் அடித்த அடிக்கெல்லாம் கணக்குப் பார்த்தால், அந்த மனிதருக்கு ஒரு பல்கூட மிஞ்சியிருக்காது.

ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியது அக்கா.

"டேய், வேலையா இருக்கியா?"

கடை திறந்து ஏழு வருஷத்தில் அவள் உள்ளே காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. அக்கா அவனைத் திருடன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. திருடன் இல்லை என்றும் சொன்னதில்லை. அவனுக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அதுதான்.

"இல்ல, வா. என்ன இந்தப் பக்கம், வழி தவறிட்டியா?"

"குத்தாதடா. இந்தச் சனியன் பிடிச்ச செட்டு வேலை செய்யல. ஒரு வருஷமாச்சு. தானா அணையுது, தானா எரியுது, பாட்டு வந்தா கரகரங்குது. வேலைக்குப் போக வர ரெண்டு மணி நேரம் ஊமை மாதிரி ஓட்டிட்டிருக்கேன். போன் வந்தாலும் எடுக்க முடியல."

"ஒரு வருஷமாவா? மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உங்கத்தான் விட்டாத்தானே! அது கம்பெனி செட்டு, யாரும் கை வைக்கக் கூடாது, கழட்டினா வண்டியே கெட்டுடும்னு தினம் ஒரு பாட்டம். இன்னைக்கு மீட்டிங்னு போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள மாத்திடு. மாட்டினப்புறம் கத்தினா கத்தட்டும்."

"செட்டைக் கழட்டினா வண்டி கெட்டுடுமாமா? இவ்வளவு நாளா இது தெரியாம நான் பொழைப்பு நடத்திட்டிருக்கேனே" என்றான் ஸ்க்ரூ. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்.

அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவன் காருக்குள் போனான். பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரத்தில் செருகி, செட்டைச் சுற்றியிருந்த சட்டத்தைக் கீறல் விழாமல் பிரித்தெடுத்தான். நாலு ஸ்க்ரூ. மூன்றை டப்பாவில் போட்டு, ஒன்றை வழக்கம்போல வாயில் வைத்துக்கொண்டான். செட்டை வெளியே இழுத்து, பின்னால் இருந்த சாக்கெட்டுகளையும் ஆன்டெனா வயரையும் பிடுங்கினான். மேல்பக்கம் நம்பர் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். கம்பெனி செட்டில் ஸ்டிக்கரைச் சுரண்ட யாருக்கு என்ன வேண்டுதலோ என்று நினைத்தபடியே அதை மேஜைக்குக் கொண்டுவந்தான்.

பழைய செட்டின் இரு பக்கமும் உள்ள தகடுகளைக் கழற்றிப் புது செட்டில் மாட்டினால்தான் அது டேஷ்போர்டில் உட்காரும். இடது தகட்டைக் கழற்றினான்.

அடியில் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: 4792. அதன் கீழே ஒரு தேதி. பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு. ஒரு ஸ்க்ரூவின் தலை.

அவன் வாயிலிருந்த ஸ்க்ரூ தரையில் விழுந்து டங்கென்று உருண்டது.

அது அவன் எழுத்து. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தடவை இரண்டு செட் மாறிப்போய்த் திட்டு வாங்கினான். அதிலிருந்து, தயார் செய்கிற ஒவ்வொரு செட்டிலும் தகட்டை மாட்டுவதற்கு முன்னால், அது எந்தக் காருக்கு என்று நம்பரையும் தேதியையும் எழுதித் தன் அடையாளத்தைப் போட்டு மூடுவான். யாரிடமும் சொன்னதில்லை. தகட்டைக் கழற்றுகிறவன்தான் அதைப் பார்ப்பான். கழற்றுகிறவன் அவன் ஒருவன்தான். அத்தானுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. வாழ்நாளில் ஒரு ஸ்க்ரூவைத் திருகியிருந்தால்தானே! ஸ்டோரில் உட்கார்ந்திருந்தவருக்கு அட்டைப்பெட்டியும் மேலே ஒட்டிய ஸ்டிக்கரும்தான் செட். ஸ்டிக்கரைச் சுரண்டியதும் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

4792. தன் போன் நம்பரை மறந்தாலும் அந்த நம்பரை அவன் மறக்க மாட்டான். அந்தக் காருக்கு வந்த செட்டுக்குத்தான் அவன் பையைத் தரையில் கொட்டினார்கள். அந்தச் செட் ஒன்பது வருஷமாக அக்கா காரில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் காரிலேயே அத்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நல்ல மாப்பிள்ளை என்று பெயரும் வாங்கியிருக்கிறார்.

அடப்பாவி! அடப்பாவி மனுஷா! ஒரு செட்டுக்காகவா?

 டயர் கடையில் வீல் ஸ்பேனர் பெரிதாகவே இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அத்தான் ஆபீஸ் பத்து நிமிஷ தூரம்தான். இல்லை, அடித்தால் ஊர் இவனைத்தான் ரவுடி என்று சொல்லும். ஸ்க்ரூ பல்லைக் கடித்துக்கொண்டு பழைய செட்டின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினான். முதலில் கையிலிருந்த வேலையை முடித்தான். எவ்வளவு கோபத்திலும் வயரைத் தப்பாக மாட்டுகிறவன் இல்லை அவன்.

புது செட் உட்கார்ந்தது. நான்கு கதவிலும் ஸ்பீக்கர் பழுதில்லாமல் பேசியது. போன் பேசுவதற்கான மைக்கை ஓட்டுகிறவர் தலைக்குப் பக்கத்தில், முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் மாட்டினான். அக்காவை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து அவள் போனை செட்டுடன் இணைத்தான்.  எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதையே சொன்னான்.

"இந்த பட்டனை அமுக்கினா திரை அணைஞ்சிடும். இது சத்தத்துக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. சத்தத்தை முழுசாக் குறைச்சா அவங்க பேசுறதுதான் நமக்குக் கேக்காது. நாம பேசுறது அவங்களுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒருத்தர் சத்தத்தைக் குறைச்சுட்டு, போனை வெச்சாச்சுன்னு நினைச்சு முதலாளியைக் கன்னாபின்னான்னு திட்டியிருக்கார். முதலாளி எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டிருக்கார். மறுநாள் அவருக்கு வேலை இல்ல."

அக்கா சிரித்தாள். "சரி, யாருக்காவது போட்டுப் பாக்கவா?"

"போடு."

அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவின் குரல் நான்கு கதவுகளிலிருந்தும் வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு.

"எங்கடி இருக்க?"

"தம்பி கடையிலம்மா. வண்டிக்குப் புது செட்டு."

"அவன் கடையிலயா?" அம்மாவின் குரல் தாழ்ந்தது. "கைப்பையை வண்டியில வெச்சுட்டு இறங்காத. கையிலயே வெச்சுக்க. புரியுதா?"

அக்கா பதறிப்போய் போனை வைத்தாள். ஸ்க்ரூ பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினான். மேஜையிலிருந்த பழைய செட்டைத் துணியோடு தூக்கிவந்து அவள் மடியில் வைத்தான்.

"பாரு. நல்லாப் பாரு. உன் கைப்பை பத்திரமா இருக்கா, அதையும் பாத்துக்க."

அக்கா அந்த எழுத்தைப் பார்த்தாள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்: நம்பர் எந்தக் காருடையது, தேதி எது, அந்த வட்டம் யாருடையது.  கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த மாசம் இந்த வண்டியில செட்டு கெட்டுப்போயிருந்துச்சுடா. ஒரு நாள் யாரையோ வெச்சுப் புதுசு மாட்டிட்டு வந்தார். ஆபீஸ்ல மாத்திக் கொடுத்தாங்கன்னார். நான் சந்தோஷப்பட்டேன். அதே வாரம்தான் உன்னைப் பத்திச் சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டார். எவ்வளவு மனசு கஷ்டமா இருக்கோன்னு நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்டா. பாவம்னு நெத்திக்குத் தைலம் தேச்சு விட்டேன்!"

"நேரா போலீசுக்குப் போறேன்" என்றான் ஸ்க்ரூ.

"போய்? இன்னைக்குத்தானே கழட்டினான், இன்னைக்கே அவனே எழுதியிருப்பான்னு சொல்வார். அம்மாவும் ஆமா மாப்ளன்னு தலையை ஆட்டுவா. உனக்குத் தெரியாதா அம்மாவை?"

தெரியும்.  ஆதாரம் கையில் இருந்தும் அம்மா முன்னால் அது வெறும் கிறுக்கல்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டாள். "தம்பி கடையில இருக்கேன். செட்டைக் கழட்டியாச்சு. உடனே வாங்க." அந்தப் பக்கம் அவர் ஏதோ கத்த ஆரம்பிக்கும்போதே வைத்துவிட்டாள்.

மீட்டிங்காவது ஒன்றாவது! இருபது நிமிஷத்தில் அத்தான் தெருமுனையில் டாக்சியிலிருந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் அக்கா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு உள்ளே அவள் உதடு அசைவது தெரிந்தது. ஆத்திரத்தில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று ஸ்க்ரூ நினைத்தான்.

அத்தான் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் தோல் பை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. ஒன்பது வருஷம் கழித்து மச்சான் கடை வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய செட்டு எங்க?"

"நல்லா இருக்கீங்களா அத்தான்?" என்றான் ஸ்க்ரூ.

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "உள்ள வந்து உக்காருங்க. தெருவே வேடிக்கை பாக்க வேண்டாம்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. மரியாதை என்றால் உயிரையே விடுகிற மனிதராயிற்றே! முன்சீட்டில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்க்ரூ பழைய செட்டோடு பின்சீட்டில் ஏறினான். கண்ணாடி மேலே ஏறியதும் கண்ணாடிக் கடையின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. புது செட்டின் திரை அணைந்திருந்தது. ஸ்க்ரூ செட்டை முன்னால் நீட்டி, தகட்டுக்கு அடியில் இருந்ததைக் காட்டினான்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "எவனோ எழுதியிருக்கான். அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஸ்டிக்கரைச் சுரண்டினது யாருங்க? அதுவும் எவனோவா?" என்றாள் அக்கா. "இது நம்ம வண்டி நம்பர் இல்ல. ஒரு வருஷமா யாரையும் இதுல கை வைக்க விடாம என்னை ஊமையா ஓட்ட வெச்சீங்களே, எதுக்கு? என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தார், யாரும் இல்லை. உடனே பழைய தைரியம் வந்துவிட்டது.

"சரி, நான்தான் எடுத்தேன். இப்ப என்ன? ஸ்டோர்ல எடுக்காதவன் எவன்? அந்த ஆளு அவ்வளவு சீக்கிரம் செட்டைக் கேட்டு வந்து நிப்பான்னு எனக்கு ஜோசியமா தெரியும்? யாரையாவது காட்ட வேண்டியிருந்துச்சு. இவன் சின்னப் பையன், குடும்பமா குட்டியா, எங்க போனாலும் பொழைச்சுக்குவான். பொழைச்சுக்கிட்டான்ல? சொந்தக் கடை வெச்சிருக்கான். ஒரு வகையில நான் செஞ்சது நல்லதுதான்."

ஸ்க்ரூ முன்னால் சாய்ந்தான். "அம்மா? அம்மா என் பையை வாசல்லயே வைக்க வெச்சாங்களே, அதுவும் நல்லதா?"

அத்தான் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார். "ஓ, அம்மாகிட்டச் சொல்லணுமா? போய்ச் சொல்லேன். இந்த டப்பாவையும் தூக்கிட்டுப் போ. அந்தக் கெழவி உன்னை நம்புவாளா, என்னை நம்புவாளா? நாலு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் பகலை ராத்திரின்னு சொன்னாலும் விளக்கை ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருப்பா."

அக்கா கையை நீட்டினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் ஸ்க்ரூ நினைத்தான். அவள் புது செட்டின் பட்டனை அமுக்கித் திரையை எரிய விட்டாள். திரையில் 'அம்மா' என்று இருந்தது. அதற்குக் கீழே நிமிஷமும் வினாடியும் ஓடிக்கொண்டிருந்தன. பதினோரு நிமிஷம். அவள் முழுசாகக் குறைத்து வைத்திருந்த சத்தத்தை நிதானமாகக் கூட்டினாள்.

முதலில் மூச்சு கேட்டது. பிறகு குரல்.

"மாப்ள."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள. பேசாம கேட்டுட்டே இரும்மான்னு உங்க பொண்டாட்டி சொன்னா. கேட்டேன்." ஒரு இருமல். "இனிமே நம்ம வீட்டுக்கு வந்தீங்கன்னா, பையை வெளியில வெச்சுட்டு வாங்க."

அவர் பாய்ந்து செட்டைத் தடவினார். ஒரு பட்டனை அமுக்கினார், விளக்கு நீலமானது. இன்னொன்றை அமுக்கினார், பச்சையானது.

"அது இல்ல அத்தான்" என்றான் ஸ்க்ரூ. "அதுவும் இல்ல."

"கையை எடுங்க" என்று அக்கா அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். "இது என் செட்டு. இதையும் தூக்கிட்டுப் போகலாம்னு பாக்காதீங்க. இறங்கி, வந்த மாதிரியே போங்க."

அவர் கதவின் கைப்பிடியைத் தேடினார். அதுவும் கைக்கு அகப்படவில்லை. மடியிலிருந்த பை நழுவிக் காலடியில் கவிழ்ந்து, பேனாவும் காகிதமும் மூக்குக் கண்ணாடிக் கூடும் சிதறின. குனிந்து பொறுக்கினார். எண்பது பேர் இல்லை. இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூவுக்கு அது போதுமாக இருந்தது.

"டேய்" என்றது அம்மாவின் குரல், இப்போது வேறு மாதிரி. "டேய், நீ அங்க இருக்கியா?"

இருந்தான். பதில் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீ எடுத்தியாடா?" என்று அவள் அவனைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். மழையில் வாசலில் அவன் பை காத்திருந்த அளவுக்காவது காத்திருக்கட்டும்.

ஸ்க்ரூ இரண்டு சீட்டுக்கும் நடுவில் குனிந்து, வேலை முடிந்ததும் எல்லா வாடிக்கையாளரையும் கேட்கிற அதே பணிவோடு கேட்டான்.

"சத்தம் போதுமா அத்தான்? இன்னும் கொஞ்சம் கூட்டவா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கூட்டினான். நான்கு கதவுகளும் அதிர்ந்தன.

"பேசுடா" என்றாள் அம்மா. "என்னைத் திட்டவாவது செய்டா. ஏதாவது பேசு."